போலீசுக்குப் போகாத மனு

என்னைச் சந்தேகக்காரி என்று சுருளிப்பட்டியில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பால்காரன் செம்பைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் நான் பால் வாங்குவேன். வைத்தியர் பொடி கொடுத்தால் அவர் நாக்கில் முதலில் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ளச் சொல்வேன். ஆத்தாளும் அய்யாவும் காலராவில் ஒரே வாரத்தில் போனபோது எனக்குப் பதினெட்டு வயது, என் தம்பி நல்லகண்ணுவுக்கு ஆறு. கட்டினவனும் மறு வருஷமே செத்தான். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் நிலத்தைப் பிடுங்க வந்தார்கள். ஒருத்தரையும் நம்பாமல்தான் தம்பியை ஆளாக்கினேன். கருத்தம்மாள் என்றால் கம்பம் வரைக்கும் தெரியும்.

அவனுக்கு மயிலாடும்பாறையில் பெண் எடுத்தோம். பெயர் ராஜாத்தி. அதிகம் பேச மாட்டாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. மனசில் ஒன்றும் இல்லாதவள் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு மலை வேர், பச்சிலை எல்லாம் அத்துபடி என்று வேறு நாலு பேர் சொல்லியிருந்தார்கள்.

நல்லகண்ணு கம்பத்தில் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். பஸ் ஓட்டுகிற வேலை இல்லை. பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பேட்டரி ஷெட் என்பார்கள். பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் காரீயத்தை இரும்புச் சட்டியில் உருக்கி, புதிய பிளேட் வார்க்க வேண்டும். ஜன்னல் கிடையாது. சாயங்காலம் வரும்போது புருவமெல்லாம் சாம்பல் படிந்திருக்கும். வந்ததும் மகள் அன்னத்தாயைத் தூக்கிக் கொஞ்சுவான். குளித்துவிட்டுத் தொடு என்று ராஜாத்தி சத்தம் போடுவாள். பெற்ற பிள்ளையைத் தொடவிடாமல் தடுக்கிறாளே என்று அதையும் நான் மனசில் முடிந்து வைத்தேன்.

மூன்றாம் வருஷம் அவனுக்கு வயிற்றுவலி வந்தது. சும்மா வலியா அது! முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தரையில் உருளுவான். ஒரு வாரம் விட்டிருக்கும், பிறகு மறுபடி வரும்.

"அக்கா, எதைத் தின்னாலும் வாய் இனிக்குது. வெறும் தண்ணி குடிச்சாலும் இனிக்குது," என்றான்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தேன். மருந்து வைத்திருக்கிறாள்! புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளச் சோற்றில் வேரை அரைத்துப் போடுகிறவர்கள் உண்டு. அளவு மிஞ்சினால் குடலைப் பிடித்துவிடும். ஊரில் யாருக்கு விடாத வயிற்றுவலி வந்தாலும் முதலில் அவன் பெண்டாட்டியைத்தான் பார்ப்பார்கள்.

தேவாரம் என்ற ஊரில் மருந்தெடுக்கிற ஒரு அம்மாளிடம் அவனை அழைத்துப் போனேன். பத்து நாள் அங்கேயே தங்கினோம். பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தி எடுக்க வைத்து, கருப்பாக ஒரு உருண்டையை இலையில் வைத்துக் காட்டினாள். அந்தப் பத்து நாளும் அவனுக்கு வலி குறைந்தது. முகம் தெளிந்தது. வீட்டுக்கு வந்து, ராஜாத்தி கைச்சோறு தின்று, வேலைக்கும் போக ஆரம்பித்தான். பதினைந்தாம் நாள் மறுபடி உருண்டான். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? வீட்டுச் சோறு தின்னாத பத்து நாளும் அவன் ஷெட்டுக்கும் போகவில்லை என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு செய்தேன். இப்போது சொல்லவே வாய் கூசுகிறது. ராஜாத்தி எதைச் சமைத்தாலும் முதல் கவளத்தை எங்கள் கண் முன்னால் அவள் தின்ன வேண்டும். நான் நூறு எண்ணுவேன். அதற்குப் பிறகுதான் அவன் தட்டைத் தொட வேண்டும். கஞ்சியானாலும் அப்படித்தான். அவள் ஒரு வார்த்தை மறுத்ததில்லை. நாலு வயது அன்னத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து நான் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதலில் அவன் என்னைத் திட்டினான். "போக்கா, கிறுக்குப் பிடிச்சவளே," என்றான். நாள் ஆக ஆக அவனும் அவளை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தான். பிறகு வலது கை மணிக்கட்டு தொங்கிவிட்டது, தூக்க முடியவில்லை. 1940-ஆம் வருஷம் தை மாதக் கடைசியில், பிப்ரவரி பத்தாம் தேதி, வலிப்பு வந்து வந்து செத்துப்போனான். அதற்குச் சற்று முன்னால் ராஜாத்தி சங்கில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவன் வாயை மூடிக்கொண்டான்.

வாய்க்கரிசி போடும்போது உதட்டை விலக்கினேன். ஈறு ஓரமாகப் பல்லை ஒட்டி ஒரு நீலக் கோடு.

"பாருங்கடி! விசம் வச்சவ யாருன்னு பொணமே சொல்லுது பாருங்கடி!" என்று கத்தினேன். பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். ராஜாத்தி மூலையில் உட்கார்ந்தபடி அன்னத்தாயின் காதைப் பொத்திக்கொண்டாள்.

சாவுக்கு வந்தவர்களில் கம்பெனியில் கணக்கெழுதுகிற ரைட்டர் ராஜமணியும் ஒருவர். குடையை மடக்கி வைத்துவிட்டு, கோடித்துணியைத் தானே கொண்டுவந்து போட்டார். கண்ணைத் துடைத்தார். என்னைத் "தாயி" என்று கூப்பிட்டார். அதுவரை எந்த ஆபீஸ்காரர் என்னை அப்படிக் கூப்பிட்டார்? அதிலேயே நான் கவிழ்ந்துவிட்டேன். பால்காரன் செம்பைக் கவிழ்த்துப் பார்த்தவள், இந்த ஆளை ஒரு தடவைகூடப் புரட்டிப் பார்க்கவில்லை.

மாதம் தவறாமல் வந்தார். அரை மூட்டை அரிசி இறக்குவார். போகும்போது ஒரே பேச்சுத்தான்.

"துக்க வீடு தாயி. திவசம் கழியுற வரைக்கும் தாலியறுத்த பிள்ளை கோர்ட்டு, கச்சேரி, ஆஸ்பத்திரின்னு படியேறக் கூடாது. மத்ததெல்லாம் அதுக்கப்புறம் பாத்துக்கிரலாம்."

ஒரு முதலாளி வீட்டு ஆள் நம் முறைமையை இவ்வளவு மதிக்கிறாரே என்று எனக்குப் பூரிப்பு. எங்களில் முதல் திவசம் வரைக்கும் விதவை ஊர் எல்லை தாண்ட மாட்டாள். அதை அவரும் விசாரித்து வைத்திருந்தார்.

சித்திரையில் நான்தான் அவரிடம் கேட்டேன். "ரைட்டரய்யா, அவ மேல போலீசுக்கு ஒரு மனு எழுதணும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

அவர் கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்தார். பிறகு பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். காகிதம், பேனா, மை எல்லாம் தயாராகவே இருந்தன. நான் சொல்லச் சொல்ல எழுதினார். நான் நிறுத்திய பிறகும் கொஞ்சம் எழுதினார்.

"என்னய்யா அது?"

"மனு நல்லா நிக்கிறதுக்கு ஒரு வரி தாயி," என்றார். கைநாட்டு வைத்தேன். தானே ஸ்டேஷனில் கொடுத்துவிடுவதாக வாங்கிப் போனார்.

போலீஸ் வரவே இல்லை. ராஜாத்தியின் அண்ணன்மார் ஏட்டைக் கையில் போட்டுக்கொண்டார்கள் என்று முடிவு கட்டினேன். அடுப்பைத் தனியாகப் பிரித்தேன். அவள் களை எடுத்துக் கூலி வாங்கி, பிள்ளைக்கும் தனக்கும் பொங்கினாள். அவள் கொடுத்த தண்ணீரை ஒரு வருஷம் நான் வாங்கிக் குடிக்கவில்லை.

திவசம் திதிப்படி ஜனவரிக் கடைசியில் வந்தது. ராஜமணி வந்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு முறை வந்து, வாசலில் நின்றபடியே, "எல்லாரும் சௌக்கியமா தாயி? அந்தப் பிள்ளை எங்கயும் போகலையே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் அரிசியும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

மாசிக் கடைசியில் அம்மாவாசி படுத்துவிட்டான். நல்லகண்ணு செத்த பிறகு ஷெட்டில் அவன் இடத்துக்குப் போனவன் இவன்தான். எங்கள் தெருதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிறான் என்று கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் துப்பறிகிற வெறி வந்துவிட்டது. எவள் வைத்தாள் என்று கண்டுபிடிக்கத்தான் போனேன்.

"ஏலே, எவ வீட்டுல சாப்பிட்ட? மறைக்காமச் சொல்லு."

"எவ வீட்டுல பெரியாத்தா? நானே பொங்குறேன், நானே திங்கிறேன்," என்றான் முனகிக்கொண்டே.

ஆமாம். அம்மாவாசிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆத்தா, அக்கா, தங்கச்சி ஒருத்தரும் கிடையாது. மண்சட்டி ஒன்று, அகப்பை ஒன்று, அவன் ஒருத்தன். இவனுக்கு எவள் மருந்து வைத்தாள்?

"வாய் இனிக்குதாடா?" என்று கேட்டேன்.

"ஆமா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

உதட்டை விலக்கிப் பார்த்தேன். அதே நீலக் கோடு. என் தம்பி வாயில் அரிசி போட்டபோது பார்த்த அதே கோடு.

அவனை வண்டியில் போட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டு போனேன். டாக்டரம்மா அவன் ஈறைப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார், மணிக்கட்டு தொங்கியது. நர்ஸ் ஞானபாக்கியம் வெளியே வந்து என்னிடம் சொன்னாள்.

"இது காரீயம்மா. உருக்குற புகை நெஞ்சுக்குள்ள போயி, ரத்தத்துல ஊறி இப்படிப் பண்ணுது. சோத்துல யாரும் எதுவும் வைக்கல. இனி அந்த ஷெட்டுப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்றாக."

"புருவத்துல சாம்பல் இருக்கும். பிள்ளையத் தொடுறதுக்கு முன்னால குளிக்கச் சொல்லுவா," என்றேன்.

"யாரு?"

"என் தம்பி பொண்டாட்டி."

"புத்திசாலிப் பொண்ணு," என்றாள் ஞானபாக்கியம்.

டாக்டரம்மா என் தம்பி செத்த விதத்தைக் கேட்டுக்கொண்டு, ஒரு காகிதம் எழுதிக் கொடுத்து, உத்தமபாளையத்தில் வக்கீல் சுருளிவேலிடம் போகச் சொன்னார். ராஜாத்தியைக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். எதற்கு என்றுகூட அவள் கேட்கவில்லை. அன்னத்தாயை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்து வந்தாள்.

வக்கீல் எல்லாவற்றையும் கேட்டார். "சட்டத்துல எடம் இருக்கு. வேலையில காரீய விசம் ஏறிச் செத்தா முதலாளி நஷ்டஈடு குடுக்கணும். ஆனா செத்த நாள்லருந்து ஒரு வருசத்துக்குள்ள மனுப் போட்டிருக்கணும். இவர் என்னைக்குச் செத்தாரு?"

சொன்னேன். விரலை மடக்கி எண்ணினார். "முப்பத்தோரு நாள் தாண்டிருச்சே. ஏன் இத்தனை நாள் வரல?"

"திவசம் கழியட்டும்னு ரைட்டரய்யா சொன்னாக."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். கடைசியாக அந்த ரைட்டர் எப்போது வந்தார் என்று கேட்டார். பிப்ரவரி பதினொன்று. திவசம் திதிப்படி, சட்டத்து வருஷம் இங்கிலீஷ் தேதிப்படி. இரண்டையும் எண்ணிக்கொண்டிருந்த ஆள் ராஜமணி ஒருவர்தான். ஒரு வருஷம் எங்கள் வீட்டில் கொட்டிய அரிசியெல்லாம் எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. படுபாவி!

"தக்க காரணம் காட்டினா, இந்த வழக்கை விசாரிக்கிற கமிஷனர் தாமதத்தை மன்னிக்கலாம்," என்றார் வக்கீல். "துக்கம் காத்தோம்னு சொன்னா மட்டும் போதாது. வேற ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. என் கைநாட்டு மனு இருந்தது. ராஜாத்தி பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வேன்? "ஒண்ணுமில்ல," என்றேன்.

வைகாசியில் மதுரைக் கலெக்டர் கச்சேரியில் விசாரணை. அந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறக் கூடாதென்று வேறு பஸ்ஸில் தேனி போய், அங்கிருந்து ரயிலில் போனோம். அன்னத்தாயையும் கூட்டிக்கொண்டோம். அம்மாவாசியும் வந்தான். கமிஷனர் தமிழ்க்காரர்தான். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் கம்பெனி வக்கீலும், அவர் காதில் குசுகுசுத்துக்கொண்டு ராஜமணியும். என்னைப் பார்த்து அதே மாதிரி கும்பிட்டார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். முதலில், காலம் தாண்டிவிட்டது என்றார். இரண்டாவதாக, சாவுக்கும் வேலைக்கும் தொடர்பே இல்லை, இறந்தவரின் சொந்த அக்காளே அதற்குச் சாட்சி என்று ஒரு காகிதத்தை எடுத்தார். அதே காகிதம். கீழே என் கட்டைவிரல்.

சத்தமாக வாசித்தார். "என் தம்பிக்கு அவன் பெண்சாதி ராஜாத்தி சோற்றில் விஷ மருந்து வைத்துக் கொன்றுவிட்டபடியால் தாங்கள் விசாரித்து நடவடிக்கை எடுக்க வேண்டியது. மேற்படி நல்லகண்ணு பார்த்துவந்த கம்பெனி வேலைக்கும் மேற்படி மரணத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்பது எனக்கு நன்றாகத் தெரியும்."

எங்கள் வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! ராஜாத்தி திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உன் கைநாட்டா அம்மா?" என்று கேட்டார் கமிஷனர்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு எழுந்தேன். "என் கைநாட்டுத்தான் சாமி. சந்தேகமும் என்னுதுதான். இவ மேல அநியாயமா பழி போட்டேன். பொணத்துக்கு முன்னால வச்சுப் போட்டேன். ஆனா அந்தக் கடைசி வரி என்னுது இல்ல. மேற்படியாம், யாதொருவாம்! பொறந்ததுலருந்து அப்படி நான் பேசினதில்ல. அது அந்தா நிக்கிற ரைட்டர் சேத்தது."

ராஜமணி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் பழைய கருத்தம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். ஒரு வருஷமாகத் தப்பான ஆள் மேல் பாய்ந்துகொண்டிருந்த சந்தேகமெல்லாம் ஒரே நொடியில் திரும்பியது.

"சாமி, நான் ஒண்ணு கேக்கணும். அது போலீசுக்கு எழுதின மனு. ஸ்டேஷன்ல குடுத்துட்டேன்னு என்கிட்டச் சொன்னாக. ஸ்டேஷன்ல இருக்க வேண்டிய மனு இவுக கம்பெனிப் பெட்டியில எப்படி இருந்துச்சு? ஒரு வருசத்துக்கு மேல அதைப் பொத்திப் பொத்தி எதுக்கு வச்சிருந்தாக?"

கமிஷனர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டேஷன் முத்திரை கிடையாது. ராஜமணியின் சிரிப்பும் போய்விட்டது.

அப்போது ராஜாத்தி பேசினாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"நான் சொல்றேன் அய்யா. என் வீட்டுக்காரரு ஷெட்டுப் புகையாலதான் செத்தாகன்னு எனக்கு அப்பவே மனசுல பட்டுச்சு. போன வருசம் வைகாசியில இந்த ரைட்டர்கிட்டக் கேட்டேன். அன்னைக்குத்தான் இந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டினாக. கம்பெனி மேல வாயைத் தெறந்தா இது ஸ்டேஷனுக்குப் போயிரும், நீ ஜெயிலுக்குப் போவ, ஒம் பிள்ளை தெருவுல நிக்கும்னு சொன்னாக. அதான் வாயைத் தெறக்கல."

நான் உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் இவளுக்கு எல்லாம் தெரியும். கொலைகாரி என்று நான் கைநாட்டு வைத்தது தெரிந்தும், எனக்குக் காய்ச்சல் கண்டபோது கஷாயம் வைத்து என் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். அதையும் நான் கீழே கொட்டினேன்.

அம்மாவாசியைக் கூப்பிட்டு ஈறைக் காட்டச் சொன்னார்கள். கையை நீட்டச் சொன்னார்கள். டாக்டரம்மாவின் காகிதத்தைக் கமிஷனர் இரண்டு தடவை படித்தார். பிறகு ஏதோ எழுதிவிட்டு நிமிர்ந்தார். மிரட்டி வாயை அடைத்தவர்களே காலம் தாண்டிவிட்டது என்று சொல்ல முடியாது, தாமதத்தை மன்னித்து வழக்கை எடுத்துக்கொள்கிறேன் என்றார். அடுத்த வாய்தா ஆனியில். வெளியே வந்ததும் எங்கள் வக்கீல், "இனி பயமில்ல," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இதை முன்னாலயே சொல்லியிருக்கலாமே ஆத்தா," என்றார்.

மத்தியானம் ரயிலுக்கு நேரம் இருந்தது. மதுரை ஸ்டேஷனில் ஒரு வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தோம். காலையிலிருந்து ஒருவரும் சாப்பிடவில்லை.

"ராஜாத்தி, என் தம்பி ஒன் கையால தண்ணி வாங்காமச் செத்தான். நான்தான் தலையை ஆட்டினேன்," என்றேன்.

"தெரியும் மதினி. நான் பாத்தேன்," என்றாள். துணி முடிச்சை அவிழ்த்தாள். நாலு இலையில் புளிச்சோறு. எனக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஒரு இலையை என் முன்னால் வைத்தாள். நான் கையை நீட்டினேன். அதற்குள் அவள், எதையும் யோசிக்காமல், என் இலையிலிருந்து ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். குத்திக் காட்டச் செய்யவில்லை. அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. கை பழகிப்போயிருந்தது.

அன்னத்தாய் என் மடியில் கை வைத்து, நான் எண்ணுகிற அதே குரலில் எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. அவளுக்கு இருபதுக்கு மேல் தெரியாது. இருபது வந்ததும் நிறுத்தி, என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல அத்தை. இப்ப நீ திங்கலாம்," என்றாள்.